பிரதானிக்குப் பதிலாக உட்கார்ந்தவர்

பாளையக்காரர்கள் ஆண்ட காலத்தில் தாமிரபரணியின் வடகரையில் ஒரு சின்ன மடம் இருந்தது. அதன் தலைவர் சிற்றம்பல சாமி, நாற்பது வயதுகூட நிரம்பாதவர். அவருடைய சீடர்களில் மூத்தவர் தெய்வச்சிலை அண்ணாவி. சாமி பிறப்பதற்கு முன்பே பள்ளிக்கூடம் வைத்து நடத்தியவர். ஊரில் பாதிப் பேருக்கு மணலில் விரல் பிடித்து எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்.

தலை முழுக்க நரைத்த பிறகு, தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அண்ணாவிக்கு ஒரு நாள் தோன்றிவிட்டது. மடத்துக்கு வந்து, மகன் வயதுக்காரரின் காலில் விழுந்து, சீடராகச் சேர்ந்தார். ஊர் சிரித்தது. அவர் சட்டை செய்யவில்லை. தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவரே சொல்லிக்கொள்வார். வேறு யாராவது சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

வைகாசி மாதத்தில் ஒரு காலை, ஒரு பெண் ஏட்டுக்கட்டு ஒன்றை இடுப்பில் பிள்ளையைப் போல இடுக்கிக்கொண்டு மடத்துக்குள் வந்தாள். சாமியை வணங்கினாள்.

"நான் பிரதானி செவ்வந்திநாதர் மக சாமி. பேரு பிரமநாயகி. எங்க அப்பா எழுதின நூலை இங்ஙன அரங்கேத்தணும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாவியின் முகம் சட்டென்று கறுத்தது.

பிரதானி செவ்வந்திநாதரைத் தெரியாதவர் அந்தச் சீமையில் கிடையாது. பாளையத்துக்கு நெடுங்காலம் மந்திரியாக இருந்தவர். கடைமடை வரை கால்வாய் வெட்டியவர். திருட்டுப் பட்டம் சுமந்தவன் கொதிக்கிற நெய்யில் கையை முக்கிச் சத்தியம் செய்ய வேண்டும் என்ற பழைய வழக்கத்தை ஒரே நாளில் நிறுத்தியவர். கடைசியில், வழக்குக் கொண்டு வந்தவர்களிடம் காணிக்கை வாங்கினார் என்று பிராது போனது. பாளையக்காரர் சபை கூட்டி விசாரித்தார்.

"வாங்கினேன். ஆனால் தீர்ப்பை விற்கவில்லை" என்றார் பிரதானி.

இப்படிச் சொன்னவரை எந்த அரண்மனை வைத்துக்கொள்ளும்? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவர் சும்மா உட்காரவில்லை. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது, ஒன்றை மெய் என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று வெண்பாவில் ஒரு அளவை நூல் எழுதினார். எழுதி முடித்து, அரங்கேற்றுவதற்குள் செத்துப்போனார்.

"வேற எங்கயும் கேட்டியாம்மா?" என்றார் சாமி.

"மூணு மடத்துல கேட்டேன். வாசல்லயே அனுப்பிட்டாக."

"ஏன்?"

"அப்பா பேரைச் சொன்னேன்."

சாமி ஏட்டுக்கட்டை வாங்கிப் பிரித்தார். ஒரு ஓரத்தைக் கறையான் அரித்திருந்தது.

"வேற படி இருக்கா?"

"இல்ல சாமி, இது ஒண்ணுதான். கறையான் வீடு பூரா பரவுது, ஆடிப் பதினெட்டுக்கு ஆத்துல விட்டுருன்னு எங்க மாமனார் சொல்லிட்டாக. அவுகளையும் குத்தம் சொல்ல முடியாது."

அந்தக் காலத்து வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நூலை எழுதினால் மட்டும் போதாது. படித்தவர் சபையில் அரங்கேற்ற வேண்டும். அங்கே மறுத்துத் தடை கேட்பார்கள், விடை சொல்ல வேண்டும். அதன் பிறகு வேறொருவர் சிறப்புப் பாயிரம் பாட வேண்டும். நூல் இன்னது, பயன் இன்னது, எழுதியவர் இப்பேர்ப்பட்டவர் என்று அதில் வரும். பாயிரம் இல்லாத நூலை எந்த மடமும் படியெடுக்காது. படியெடுக்காத ஓலை எத்தனை காலம் இருக்கும்?

"பாயிரம் பாட நம்ம அண்ணாவியை விட்டா ஆள் கிடையாது" என்றார் சாமி.

அண்ணாவி தொண்டையைச் செருமினார். "படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

பிரமநாயகி அவரையும் கும்பிட்டாள். அவள் புறப்படும்போது அண்ணாவி ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க அப்பாவுக்கு என்ன சீக்கு?"

"சீக்கெல்லாம் ஒண்ணுமில்லய்யா. பனி மேலேருந்து இறங்குதா, தரையிலேருந்து ஏறுதான்னு பாக்கணும்னாக. தோட்டத்துல தாம்பாளத்தைக் கவுத்து வச்சுட்டு மார்கழி பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தாக. நெஞ்சுல சளி கட்டிடுச்சு."

"எங்கேருந்து வருதாம்?"

"தாம்பாளத்துக்கு அடியிலயும் ஈரம் இருந்துச்சு. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக. ரெண்டு நாள்ல போயிட்டாக."

அண்ணாவி ஏட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு தன் மூலைக்குப் போனார்.

அண்ணாவிக்கும் பிரதானிக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. அண்ணாவியின் தமையனாருக்கும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் ஒரு கிணற்றில் வழக்கு. கிணறு யாருடையது என்று பிரதானியிடம் போனார்கள். தமையனார் ஒரு கறவைப் பசுவைக் கன்றோடு ஓட்டிக்கொண்டு போய்ப் பிரதானி வீட்டுத் தொழுவத்தில் கட்டினார். பிரதானி வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே கிணற்றடிக்கு வந்தார். சாட்சிகளைக் கேட்கவில்லை. குனிந்து கிணற்றுக் கல்லைத் தடவிப் பார்த்தார். மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலையின் வடம் இழுத்து இழுத்துத் தேய்ந்த தடம் பக்கத்துத் தோட்டப் பக்கம் விரல் ஆழத்துக்கு இருந்தது. அண்ணாவி வீட்டுப் பக்கம் கல் வழவழவென்று இருந்தது. கிணறு பக்கத்துக்காரருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பசு திரும்பி வரவில்லை.

அண்ணாவி அந்தத் தடத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்தவர். ஆனால் தமையனார் சாகும்வரை "மாட்டையும் வாங்கிட்டு மோசம் பண்ணிட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதைக் கேட்டுக் கேட்டு அண்ணாவிக்கும் அதுவே நிலைத்துவிட்டது. வீட்டில் சோறு போட்டு வளர்த்தவர் சொன்னால் யார்தான் மறுப்பார்கள்?

இப்போது பிரதானியின் நூலே கையில் வந்து விழுந்திருக்கிறது. அண்ணாவி விடுவாரா? சபையில் வைத்து நார் நாராகக் கிழித்துவிடலாம் என்று படிக்க உட்கார்ந்தார். திட்டுவதற்கும் நெட்டுருப் போட்டுப் பழகிய தலைமுறை அது. ஒரு வெண்பாவை மனப்பாடம் செய்வார், அதற்கு ஒரு தடை தயார் செய்வார், அடுத்த வெண்பாவுக்குப் போவார். குளிக்கும்போது முணுமுணுப்பார், சாப்பிடும்போது முணுமுணுப்பார். ஆனி முடிவதற்குள் நூல் முழுக்க அவர் வாயில் வந்துவிட்டது. ஓர் இடத்தில்கூடத் தளை தட்டவில்லை. அதில் அவருக்குப் பெரிய மனத்தாங்கல்.

ஒரு நாள் சாமி அடுப்படிக்கு வெளியே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணாவி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"சாமி, நூல் நல்லாத்தான் இருக்கு."

"சரி."

"ஆளு நல்லால்ல."

"சரி."

"நூலைப் பாடினா ஆளையும் பாடணும். பொய் சொல்ல எனக்கு வராது. பாடாம விட்டா நூலு ஆத்தோட போயிரும். அதுக்கும் மனசு கேக்கல." இதைச் சொல்லும்போது அண்ணாவிக்கே வெட்கமாக இருந்தது.

சாமி ஒரு தண்டை ஒடித்தார். முற்றலைத் தள்ளினார்.

"அவரு பெரிய மனுசனா, சின்ன மனுசனா? அதை மட்டும் நீங்க சொல்லிருங்க சாமி. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

"நமக்கு எப்படிய்யா தெரியும்? அரங்கேத்தத்தன்னைக்கு அவருகிட்டயே கேட்டுருவோம்."

"செத்த ஆள்கிட்டயா?"

"ஆமா."

அண்ணாவிக்குச் சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் உயிரோடு இல்லையென்றால், நூலை முழுக்க மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்தவர் ஆசிரியர் பலகையில் உட்கார வேண்டும். தடைகளுக்கு அவர்தான் விடை சொல்ல வேண்டும். 'அவர்' என்று சொல்லக்கூடாது. 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும்.

"நூலைப் பாராமச் சொல்ல வரும் ஆளு யாரு இருக்கா?" என்று கேட்டார் சாமி, ஒன்றும் அறியாதவர் போல.

அந்தச் சீமையிலேயே ஒருவருக்குத்தான் வரும்.

"சாமி, அந்த ஆள் பலகையில போயி நான் உக்காரவா? எங்க அண்ணன் ஆவி என்னைச் சும்மா விடுமா?"

"மோர்க் கீரை வைக்கட்டுமா, புளி ஊத்தட்டுமா?" என்றார் சாமி.

அண்ணாவி எழுந்து போய், முதல் வெண்பாவிலிருந்து மறுபடி முணுமுணுக்கத் தொடங்கினார்.

ஆடி பிறந்ததும் அரங்கேற்றம் வைத்தார்கள். ஆற்றிலிருந்து காற்று சுகமாக வந்துகொண்டிருந்தது. மடத்து மண்டபத்தில் கூட்டம் நெருக்கியடித்தது. படித்தவர்கள் முன்வரிசையில், படிக்காதவர்கள் பின்னால். பிரதானி பெயர் என்றதும் சுற்று வட்டாரமே வந்துவிட்டது. திட்ட வந்தவர்கள், கும்பிட வந்தவர்கள், பானகம் குடிக்க வந்தவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள்.

அண்ணாவி திருநீறு பூசிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தார். தூணோரம் தன் மதினி பூரணம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். தமையனாரின் மனைவி. மூன்று கல் தூரம் நடந்து வந்திருக்கிறாள். எதற்கு வந்திருக்கிறாள்?

முதலில் தென்கரை மடத்துத் தேசிகர் எழுந்தார்.

"கண்ணால் கண்டு, கையால் தொட்டுப் பார்க்காததை ஏற்காதே என்று எழுதியிருக்கிறீர். அப்படியானால் முன்னோர் சொன்னதெல்லாம் குப்பையா?"

இந்தத் தடை அண்ணாவிக்கு நன்றாகத் தெரியும். இதே தடையை அவரே தயார் செய்து வைத்திருந்தார். கேட்பதற்கு வைத்திருந்ததற்கு இப்போது விடை சொல்ல வேண்டும். தலையைச் சொறிந்தார். மனசுக்குள் வெண்பாக்கள் ஓடின. சட்டென்று ஒன்று நின்றது.

"இதுக்கு மூணாவது பாட்டைப் பாருங்க தேசிகரே. முன்னோரும் கண்ணால் கண்டுதான் சொன்னாக. அவுக கண்டதை நாமும் ஒரு தரம் போயிக் கண்டா, அவுகளுக்கு என்ன குறைச்சல்னு எழுதியிருக்கேன்."

தேசிகர் யோசித்தார். "பாட்டைச் சொல்லும்."

அண்ணாவி ராகத்தோடு சொன்னார். சபையில் "ஆகா" என்ற குரல் எழுந்தது. அண்ணாவிக்கு முகம் மலர்ந்துவிட்டது, அந்த வெண்பாவை அவரே கட்டியதுபோல. பிறகு, யாருடைய பாட்டுக்கு மலர்ந்தோம் என்று நினைவு வந்து, மலர்ந்ததைச் சுருட்டிக்கொண்டார்.

இப்படி ஒரு நாழிகை தடையும் விடையும் நடந்தது. படித்தவர்களிடம் தடை தீர்ந்துபோயிற்று. அப்போது பின்னாலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார்.

"கடைமடைக்குத் தண்ணி வந்து மூணு வருசமாச்சு. கால்வாய்ல மண்ணு மேவிக் கெடக்கு. என்ன செய்யப் போறீக?"

"இப்பம் இருக்க பிரதானியைப் போயிப் பாரும். நான் செத்துட்டேன்லா" என்றார் அண்ணாவி.

மண்டபமே சிரித்தது. சாமியும் சிரித்தார். பாட்டைப் பற்றி மட்டும்தான் கேட்கலாம் என்று யாராவது சொல்வார்கள் என்று அண்ணாவி சாமியின் முகத்தைப் பார்த்தார். சாமி விசிறிக்கொண்டிருந்தார்.

அடுத்து ஒரு வாணியர் எழுந்து வந்தார். செக்காட்டி உரமேறிய உடம்பு. பெயர் மாடக்கண்ணு. இரண்டு உள்ளங்கைகளையும் பலகைக்கு முன்னால் விரித்துக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

"கோயில் விளக்கு களவு போச்சுன்னு என்னைப் பிடிச்சாக. நெய் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க வந்து அடுப்பை அவிக்கச் சொன்னீக. அன்னைலேருந்து ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். என்னை ஏன் நம்புனீக?"

அண்ணாவி அந்தக் கைகளையே பார்த்தார். வெந்த கைகளை அவர் பார்த்திருக்கிறார். அவருடைய பள்ளிக்கூடத்தில் படித்த பையன் ஒருவனின் தகப்பனுக்கு விரல்கள் ஒட்டிப்போயிருந்தன. அந்த மனுசனும் திருடவில்லை.

"உன்னை நம்பலப்பா" என்றார். "உன்னையும் நம்பல, நெய்யையும் நம்பல. விளக்கு எங்கன்னு தேடிப் பாக்கச் சொன்னேன்."

மாடக்கண்ணு தலையை ஆட்டினார். "அதான பாத்தேன். நம்புத மூஞ்சியா என் மூஞ்சி?" என்று சொல்லிவிட்டு, சந்தோசமாகத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

பிறகு ஓர் இளைஞன் எழுந்தான். அவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பாளையத்துப் படைத்தலைவராக இருந்த பழைய தளவாயின் பேரன். செவ்வந்திநாதரை வாலிபத்தில் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அரண்மனையில் சேர்த்தவர் அந்தத் தளவாய்தான்.

"எங்க தாத்தா மேல குத்தம் வந்தப்ப அந்தக் குத்தத்தைச் சபையில வாசிச்சது நீரு. ஏன் வாசிச்சீரு?"

அண்ணாவி நூலுக்குள் தேடினார். முதலிலிருந்து கடைசிவரை தேடினார்.

"இதுக்கு நூல்ல பாட்டு இல்ல."

"நான் நூலைக் கேக்கல. உம்மைக் கேக்கேன்."

பிரமநாயகி தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனை நாள் பிரதானியைத் திட்டுவதற்கு அண்ணாவி வார்த்தை தேடியிருப்பார்! இப்போது ஒரு வார்த்தையும் வரவில்லை. இந்தப் பலகையில் உட்கார்ந்து, தளவாயை விசாரித்த சபையில், கையில் குற்ற ஓலையோடு நிற்பதாக நினைத்துப் பார்த்தார். எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள். வாசிக்க மாட்டேன் என்று சொல்ல வேண்டும்.

"பயந்துட்டேன்" என்றார். "வாசிக்கலைன்னா அடுத்த ஆள் நான்தான்னு பயந்துட்டேன்."

இளைஞன் கோபித்துக்கொண்டு போய்விடுவான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

இனி யாரும் இல்லை என்று சாமி எழப் போனார். தூணோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் ஒண்ணு கேக்கணும்."

மதினி பூரணம். அண்ணாவி பலகையிலிருந்து அரைவாசி எழுந்துவிட்டார்.

"மதினி..."

"நான் உம்ம மதினி இல்ல. நீரு இப்பம் பிரதானி. உக்காரும்" என்றாள் பூரணம்.

அவர் உட்கார்ந்தார்.

"எங்க வீட்டுச் செவலையை ஓட்டிட்டு வந்து உம்ம தொழுவத்துல கட்டினாக. நான் கன்னுலேருந்து வளத்த மாடு. என் கையில மட்டும்தான் பால் குடுக்கும். அதை ஏன் வாங்குனீரு?"

அண்ணாவி கண்ணை மூடினார். வேறு யார் கேட்டிருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பார். தமையனாரின் குரல் காதில் கேட்டது. கிணற்றுக் கல்லின் தடமும் கண்ணில் தெரிந்தது. இரண்டில் எதையும் தள்ளிவிட அவரால் முடியவில்லை.

"கெணறு உங்களுது இல்ல தாயி" என்றார். "கல்லைப் பாத்துத்தான் சொன்னேன். அது சரி. ஆனா மாட்டை வாங்கினது தப்பு. வாங்கியிருக்கக்கூடாது. எல்லாரும் வாங்குனாக, நானும் வாங்குனேன். தீர்ப்புச் சரியா இருந்தாப் போதும்னு நெனச்சுட்டேன்."

பூரணம் சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கெணறு எங்களுது இல்லைன்னு எனக்குத் தெரியாதா? தெனம் அங்ஙன துணி துவைச்சவ நான். எங்க வீட்டு மனுசருக்கும் தெரியும். கெணத்தைப் பத்தி யாரு கேட்டா? மாட்டைத்தான கேட்டேன். இத்தனை வருசத்துல அது தப்புன்னு ஒருத்தர் வாய்லேருந்தும் வரல."

பலகையில் உட்கார்ந்திருந்த அண்ணாவியின் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அது அவருடையதா, பிரதானிக்காக விட்டதா என்று அவருக்கே பிடிபடவில்லை. துடைக்கவும் தோன்றவில்லை. உடம்பு மட்டும் லேசாகிவிட்டது.

பிரமநாயகி எழுந்து பூரணத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"செவலையோட பேத்தி எங்க வீட்டுல நிக்கு அத்தை. அப்பா எனக்குச் சீராக் குடுத்தாக. ஓட்டிட்டுப் போயிருங்க."

"இந்த வயசுல நான் மாடு மேய்க்கவா? நீயே வச்சுக்க." பூரணம் அவள் கன்னத்தைத் தடவினாள். "கன்னு போட்டா சொல்லிவிடு. சீம்பால் குடிச்சு எத்தனையோ காலமாச்சு."

சாமி மணியை எடுத்து ஆட்டினார். நூல் அரங்கேறியது. பானகம் பரிமாறினார்கள். தேசிகர், தன் மடத்துக்கு ஒரு படி வேண்டும், பாயிரம் எழுதியதும் ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது சாய்வதற்குள் அண்ணாவி ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்துவிட்டார். பாயிரம் மளமளவென்று வந்தது. நூலின் பெயர் வந்தது, பொருள் வந்தது, கேட்போர் வந்தார்கள், பயன் வந்தது. எழுதியவர் பெயர் வரும் இடத்தில் எழுத்தாணி நின்றுவிட்டது. பெயருக்கு முன்னால் ஒரு அடைமொழி வேண்டும். அதுதான் வழக்கம். 'அறம் வழுவா' என்று போட்டுப் பார்த்தார். மதினியின் மாடு குறுக்கே வந்து நின்றது. 'அறம் வழுவிய' என்று நினைத்தார். மாடக்கண்ணுவின் கை விரிந்தது.

ஓலையை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். சாமி தனியாகப் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி."

"ம்."

"எல்லாம் முடிஞ்சுட்டு. ஒரு சொல்லுதான் பாக்கி."

"என்ன சொல்லு?"

"அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல. அவருகிட்டயே கேப்போம்னு சொன்னீங்க. நாள் பூரா பலகையில உக்காந்து எந்திரிச்சாச்சு. இப்பமாவது சொல்லுங்க. அவரு பெரிய மனுசனா, சின்ன மனுசனா?"

சாமி கையிலிருந்த பாயைக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு இத்தனை சனம் வந்துச்சே அண்ணாவி. ஒருத்தராவது உம்மகிட்ட அதைக் கேட்டாகளா?"

அண்ணாவி யோசித்தார். தேசிகர் பாட்டைக் கேட்டார். ஒருவர் தண்ணீரைக் கேட்டார். வாணியர் நம்பியதைக் கேட்டார், பேரன் தாத்தாவைக் கேட்டான். மதினி மாட்டைக் கேட்டாள்.

"கேக்கல சாமி."

"கேட்டிருந்தா, அந்தப் பலகையில இருந்துக்கிட்டு என்ன சொல்லியிருப்பீரு?"

அண்ணாவி வாயைத் திறந்தார். பலகை இன்னும் மண்டபத்தின் நடுவில்தான் கிடந்தது. அதைப் பார்த்தார். 'நான்' என்று மனசுக்குள் தொடங்கிப் பார்த்தார். பெரியவன் என்று சொல்லக் கூசியது. சின்னவன் என்று சொல்லவும் வரவில்லை.

"தெரியலன்னு சொல்லியிருப்பேன்."

சாமி பாயை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"அவருக்கே தெரியாத ஒண்ணை நாம என்னத்துக்கு அண்ணாவி எழுதிக் குடுக்கணும்?"